சட்டையும் சட்டமும்

ஆம்பூரில் ஓர் உபாத்தியாயருக்கு இங்கிலீஷ் வரும் என்ற செய்தி பரவிவிட்டால், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குச் சொந்தமல்ல. நாம் சர்வகலாசாலைப் பட்டம் வாங்கியது பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுப்பதற்காக என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தோம். இருபது வருஷ அநுபவத்தில் தெரிந்துகொண்டது வேறு. இத்தாலி தேசத்துச் செருப்பு வியாபாரியின் கோபக் கடிதம், பாங்கிக்காரரின் எச்சரிக்கை, கப்பல் கம்பெனியின் ரசீது எல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துதான் தமிழாகின்றன. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரையில் பாலாற்றை ஒட்டி, தோலைப் பதனிட்டும் வெட்டியும் தைத்தும் பிழைக்கும் ஜனங்களின் கைவேலையை உலகம் அறியும். உலகம் கடிதம் எழுதும் பாஷையை மட்டும் அவர்களில் பலர் அறியார். நடுவே நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறன்று காலை, நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டி, இங்கிலீஷில் சுமார். தகப்பனார் டானரியில் வேலை பார்த்தவர். பிள்ளை பேரணாம்பட்டுச் சாலையில் ஒரு கொட்டகை போட்டு, பதினொரு பேரை வைத்துக்கொண்டு இடுப்பு வாரும் பணப்பையும் தைத்து வந்தார். பெரிய கம்பெனிக்குப் பூட்ஸின் மேல்தோல் தைத்துக் கொடுக்கும் வேலையும் இருந்தது. அது குறைந்து, பிறகு நின்றும் போயிற்று. தையல் யந்திரங்களின் பேரில் கடன் இருப்பதாக வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தோம்.

"சார், அமெரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர் வரும்போல இருக்கிறது. துப்பாக்கி உறை. நாளைக்குள் பதில் போட வேண்டும்" என்றார்.

கைத்துப்பாக்கியை இடுப்பில் தொங்கவிடும் தோலுறை அது. இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அவர் அன்று விவரித்ததை வாசகர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரச் சரக்கால் பதனிட்ட கனத்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, துப்பாக்கியின் உருவத்தில் உள்ள ஒரு கட்டையின் மேல் போர்த்தி, எலும்புக் கருவியால் அழுத்தி அழுத்தி மேடுபள்ளங்களை எடுக்கிறார்கள். உலர்ந்ததும் தோல் அந்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்குமே தவிர, இப்படி நினைவு வைத்துக்கொள்ளாது. "பழைய மாணாக்கர் போல" என்று நாம் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. கவலையில் இருந்தார்.

கடிதத்தை வாங்கிப் படித்தோம். வெளிநாட்டு வியாபாரி மூன்று மாதிரிப் பொருள்களை ஆகாய மார்க்கமாக அனுப்ப இருப்பதாக எழுதியிருந்தார். ஒன்று, தோலை வார்த்தெடுப்பதற்கான பிளாஸ்டிக் துப்பாக்கி உரு. உள்ளே கெட்டியானது, சுடாது. இரண்டாவது, துப்பாக்கியின் மேல் பொருத்தும் தூரதிருஷ்டிக் கண்ணாடி. அதற்கு ஒரு கூடு வேண்டும். மூன்றாவது, ஒரு சாண் நீளத்துக்கு மேற்பட்ட உலோகக் குழாய். குழாய் சூடாகும்போது கை சுடாமல் இருக்க அதற்கு ஒரு தோல் சட்டை வேண்டும். இவை 'துணைச் சாமான்கள்' மட்டுமே என்றும், இவற்றை வரவழைப்பதில் உங்கள் தேசத்தில் சட்டத்தின் தடை ஏதும் உண்டா என்றும் கேட்டிருந்தார். குழாயின் பெயர் சைலன்ஸர் என்று இருந்தது. "மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிறதே, அந்த மாதிரிதான் சார்" என்றார் மாணாக்கர். நமக்கும் அது சரியாகவே பட்டது.

நாம் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கைபேசியில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்து, மேலும் கீழும் ஓட்டி, 45-ஆவது பிரிவைக் கண்டுபிடித்தோம். ஆயுதங்களின் சிறு உறுப்புகளை, அவற்றோடு சேரவேண்டிய மற்ற உறுப்புகளுடன் சேர்த்து உபயோகிக்கும் எண்ணமின்றி ஒருவர் வைத்திருந்தால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது என்று அங்கே இருக்கிறது. அதை உரக்கப் படித்து, தமிழிலும் விளக்கினோம். "குதிரை இல்லை, குண்டு இல்லை, துப்பாக்கியே இல்லை. துப்பாக்கிச் சட்டம் எங்கிருந்து வரும்? அனுப்பச் சொல்லி எழுதப்பா" என்று பதிலையும் நாமே வாசகம் சொல்லி எழுதுவித்தோம். அவர் அங்கேயே அதை அனுப்பிவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்.

சமையலறையிலிருந்து நம் வீட்டார், "நாளைக்குப் போலீஸ்காரர் வந்தால் 'வாத்தியார் சொன்னார்' என்று சொல்லலாமா?" என்று கேட்டார்கள். பெண்டிருக்குச் சட்டம் தெரியாது என்று நாம் பேசாமல் இருந்துவிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. வகுப்பில் வங்காளத்துப் புரட்சிக்காரர்களைப் பற்றிய பாடம். வருஷந்தோறும் பையன்கள் கண்கொட்டாமல் கேட்பது ரோடா கம்பெனிக் கதைதான். 1914 ஆகஸ்டு 26-ஆம் தேதி, கல்கத்தாவில் துப்பாக்கி வியாபாரம் செய்த அந்த ஆங்கிலக் கம்பெனிக்குச் சுங்கச் சாவடியில் 202 பெட்டிகள் வந்திருந்தன. இறக்குமதியில் ஒரு குற்றமும் இல்லை. லைசென்ஸ் உள்ள கம்பெனி. சரக்கை மீட்டுவரப் போன குமாஸ்தா 192 பெட்டிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கிடங்கில் சேர்த்தார். பாக்கிப் பத்துப் பெட்டிகளைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் போனவர்தான். அந்தப் பத்தில் 50 மௌஸர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மறுவருஷம் செப்டம்பரில் பாலசோர் அருகே ஜதீந்திரநாத் முகர்ஜியும் நான்கு தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையில் இருந்தவை மௌஸர்கள்தாம்.

இந்தக் கதையில் நாம் விரும்பிச் சொல்லும் நுட்பம் ஒன்று உண்டு. 1918-இல் வெளியான ரௌலட் கமிட்டி அறிக்கையிலும் அது குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கிகள் வைக்கப்பட்டிருந்த பெட்டி வெறும் பெட்டியல்ல. அதைத் துப்பாக்கியின் கைப்பிடியோடு மாட்டினால், தோளில் தாங்கிச் சுடும் நீண்ட துப்பாக்கியாகிவிடும். "அதாவது பிள்ளைகளே, உறையே ஆயுதத்தின் ஓர் அங்கமாக..." என்று சொல்லிக்கொண்டிருந்த நமது நாக்கு அப்படியே நின்றது. பையன்கள் ஏதோ உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்திருக்கலாம். நமக்குப் பேரணாம்பட்டுச் சாலைக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

செவ்வாயன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேலூர் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டும் வரையில் மனம் ஒரு நிலையில் இல்லை. கோட்டை மதில் கண்ணில் பட்டபோது வேறொன்று தோன்றிற்று. 1806 ஜூலை 10-ஆம் தேதி இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் தைக்கச் சொன்ன தோல் குஞ்சம். துப்பாக்கியைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. அதை ஏந்தியவன் தலையில் வைத்த ஒரு துண்டுத் தோல்தான் வந்த வினை. துணைச் சாமான் என்று எதையும் இலேசாக நினைக்கக் கூடாத ஊர் இது.

வேலூரில் வக்கீல் தொழில் செய்யும் நம் கலாசாலைத் தோழர், விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்தால் நமக்கு நல்ல செய்தி இல்லை.

"ஓய் வாத்தியாரே, 45-ஆவது பிரிவைப் படித்த நீர் இரண்டாவது பிரிவைப் படித்தீரா?"

"அது பொருள் விளக்கம்தானே என்று விட்டுவிட்டோம்."

"சட்டத்தில் பாம்பு அங்கேதான் படுத்திருக்கும்" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

துப்பாக்கி என்பதற்கு அந்தப் பிரிவு பொருள் சொல்லும்போது, வெடிமருந்தின் வேகத்தால் குண்டை எறிவது என்பதோடு நிற்கவில்லை. துப்பாக்கியின் ஓசையையோ சுடரையோ குறைப்பதற்காக அமைந்த துணைக்கருவியும் துப்பாக்கியே என்கிறது. துப்பாக்கியின் உறுப்பும் துப்பாக்கியே. துப்பாக்கி செய்யும் யந்திரமும் துப்பாக்கியே. ஆக, நம் மாணாக்கர் மோட்டார் சைக்கிள் சாமான் என்று எண்ணிய குழாய், சட்டத்தின் கண்ணுக்கு முழுத் துப்பாக்கி. அதைச் 'சிறு உறுப்பு' என்று சொல்லி 45-ஆவது பிரிவின் நிழலில் ஒதுங்குவது எப்படி? மேலும் அந்தப் பிரிவிலும் வாங்குதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் என்ற மூன்றே சொற்கள். "இறக்குமதி என்ற சொல்லை இதில் காட்டும், நான் வக்கீல் தொழிலை விட்டுவிடுகிறேன்" என்றார் நண்பர். கடல், நிலம், ஆகாயம் எந்த வழியாயினும் ஆயுதத்தையோ தோட்டாவையோ லைசென்ஸ் இன்றித் தேசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று 10-ஆவது பிரிவு தனியே நிற்கிறது. ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர் தம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கொண்டுவரலாம். சர்க்கார் குறிப்பிடும் தேசத்து யாத்திரிகர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவரலாம். இந்த விலக்குகளில் தோல் தைப்பவருக்கு இடம் இல்லை. சுங்கச் சட்டமும் வெளிநாட்டு வாணிப விதிகளும் வேறு தனியாக இருக்கின்றன.

"அறியாமல் செய்தது என்று சொல்லலாமே?" என்று கேட்டோம்.

"பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒருவன் சுமந்து வந்தால் சொல்லலாம். வைத்திருப்பது என்றால் அறிந்து வைத்திருப்பது என்று 1972-இலேயே உச்ச நீதிமன்றம் ஆயுதச் சட்ட வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. ஆனால் உம்முடைய பிள்ளை, குழாயை அனுப்பும் என்று கைப்பட எழுதிவிட்டானே! வாசகம் சொன்னது யார்?"

நாம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

நண்பர் நல்லவர், பயமுறுத்தியபின் வழியும் காட்டினார். சுங்க வரி அட்டவணையைத் திறந்தார். பன்னிரண்டு மாதமும் பாடப்புத்தகம் படிக்கும் நமக்கு அதைப் போல் சுவாரஸ்யமான புத்தகம் அகப்பட்டதில்லை. 93-ஆவது அத்தியாயம் ஆயுதங்களும் அவற்றின் உறுப்புகளும். 42-ஆவது அத்தியாயம் தோல் சாமான்கள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கூடு, தூரதிருஷ்டிக் கூடு, காமிராக் கூடு, சங்கீத வாத்தியக் கூடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, துப்பாக்கிக் கூடு, கைத்துப்பாக்கி உறை என்று சாதாரணமாக முடிகிறது. தோட்டா செருகும் தோல் வாரும் இடுப்பு வாரோடு அதே அத்தியாயத்தில்தான். வீணைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வரியில் உறை! தூரதிருஷ்டிக் கண்ணாடியின் கதை இன்னும் விசித்திரம். அது தனியாக வந்தால் கண்ணாடிச் சாமான்களோடு 90-ஆவது அத்தியாயத்தில் சேரும். துப்பாக்கியின்மேல் பொருத்தியோ, துப்பாக்கியோடு கூடவோ வந்தால் 93-க்குப் போய்விடும். பொருள் மாறவில்லை, உடன்வந்த ஆள் மாறினால் ஜாதி மாறிவிடுகிறது. "வரி அட்டவணையில் இடம் கிடைத்ததால் உள்ளே வர அனுமதி கிடைத்ததென்று மறுபடியும் நீராக முடிவு கட்டிவிடாதேயும்" என்று நண்பர் எச்சரித்தார். கண்ணாடி விஷயத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் வரவழைக்க வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம். குழாயைப் பற்றி அபிப்பிராயமே வேண்டாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நமக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று முதலில் தெரியவில்லை. சட்டத்தின்மேல் என்று சொல்வதற்கில்லை. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் வருஷச் சட்டத்தை நாம் வகுப்பில் எத்தனையோ தரம் நிந்தித்திருக்கிறோம். அதில் வில்லும் அம்பும் ஈட்டிமுனையும்கூட ஆயுதம். ஆயுதத்தின் உறுப்பும் ஆயுதம். ஆனால் ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். பொருளைக் காட்டிலும் பிடித்திருக்கும் கையின் நிறத்தைப் பார்த்த சட்டம் அது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸிலேயே அதை எதிர்த்துக் குரல் எழும்பிற்று. அஹிம்சையே உருவான காந்தியடிகள்கூட ஒரு ஜாதி முழுவதையும் ஆயுதமிழக்கச் செய்த கொடுமையை 1918-இல் வன்மையாகக் கண்டித்தார். கராச்சி காங்கிரஸ் 1931-இல் வகுத்த அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் ஒன்று. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. பழைய சட்டம் போய் 1962 அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதிய சட்டம் அமலுக்கு வந்தது. இதில் நிறபேதம் இல்லை. ஓசையின்றிக் கொல்ல உதவும் குழாயைச் சாமான் என்று விடாமல் ஆயுதம் என்று பிடித்துக்கொண்டதற்கு, குழந்தைகள் உள்ள ஊரில் வசிப்பவர் என்ற முறையில் நாம் சந்தோஷப்படவே செய்கிறோம்.

கோபம் வேறு இடத்தில். பதினொரு பேருக்குக் கூலி கொடுக்கும் ஒரு தொழிலாளி, சரக்கு வந்து பிடிபட்ட பிறகு கேள்வி கேட்க ஆயிரம் பேர் உண்டு. வருவதற்கு முன்னால் அவன் போய்க் கேட்பதற்கு ஆள் ஏது? முதல் உலக யுத்தத்தில் இந்தச் சென்னை மாகாணத்துத் தோலைச் சர்க்காரே வாங்கிச் சிப்பாய்களுக்குப் பூட்ஸ் ஆக்கிற்று. அப்போது வீடு தேடி வந்தார்கள். இப்போது அவனிடம் இருப்பது இங்கிலீஷில் ஒரு சட்டப் புத்தகமும், அரைகுறையாகப் படித்துவிட்டு "எழுதப்பா" என்று சொல்லும் ஒரு வாத்தியாரும்தான். இந்த இரண்டாவது நபரைப் பற்றிய கோபம்தான் அதிகம் என்பது மாதனூர் வருவதற்குள் தெளிவாகிவிட்டது.

ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் கொட்டகைக்கே போனோம். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, "நாம் சொன்னது தப்பு, தம்பி" என்றோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. வேலைக்காரர்கள் கேட்காதபடி வெளியே புளியமரத்தடிக்கு அழைத்துப் போய், "ஜெயிலா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நாற்பத்தைந்து வயது வரையில் பலபேர் நம்மிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எதுவும் இப்படிக் குத்தவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, "ஒரு பொருளையும் அனுப்ப வேண்டாம், முந்திய கடிதம் ரத்து" என்று நாலு வரி எழுதி அனுப்பினோம். இந்தத் தடவை நண்பருக்குப் போன் செய்து வாசகத்தைப் படித்துக் காட்டிய பிறகே அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் இரண்டு இரவுகள். நமக்கும் தூக்கம் இல்லை. வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மாணாக்கர் சைக்கிளில் ஓடிவந்தார். பொருள்கள் கிளம்பவேயில்லை. கண்ணாடியையும் குழாயையும் பார்த்ததும், ஏற்றுமதி அநுமதிச் சீட்டு இல்லாமல் தொடமாட்டோம் என்று அந்த ஊர்ப் பார்சல்காரர்களே திருப்பிவிட்டார்களாம். துப்பாக்கி மளிகைச் சாமான் போல விற்கும் தேசம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் 1934-ஆம் வருஷத்திலேயே சைலன்ஸரை இயந்திரத் துப்பாக்கியோடு சேர்த்துச் சட்டத்தில் எழுதி, பதிவும் வரியும் விதித்திருக்கிறார்கள். தேசத்தை விட்டு வெளியே அனுப்ப வேறு லைசென்ஸ். வியாபாரியும் நம்மைப் போலத் துணைச் சாமான் என்ற சொல்லை நம்பியவர்தான் போலும்.

பிறகு காகிதத்தில் அளவுகள் மட்டும் வந்தன. காகிதத்துக்கு எந்தச் சுங்கமும் இல்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு தச்சரை வரவழைத்து, மாமரத்தில் துப்பாக்கி உருச் செதுக்கினார்கள். குழல் இருக்க வேண்டிய இடத்தில் துளை போடக் கூடாது என்பதும், மஞ்சள் வர்ணம் பூச வேண்டும் என்பதும் வக்கீல் நண்பரின் உத்தரவு. போலித் துப்பாக்கியை நிஜமாக்குவதற்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு, ஆறாவது, இருக்கிறதாம். மஞ்சள் துப்பாக்கி இப்போது கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. தச்சரின் பேரப்பிள்ளை கேட்டு அழுதும் கொடுக்கவில்லை. குழாய்க்குச் சட்டை தைக்கும் வேலையை நம் மாணாக்கர் வேண்டாமென்று எழுதிவிட்டார். ஆர்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகை யந்திரக் கடனின் ஒரு தவணைக்குச் சரியாக இருந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. கண்ணாடிக் கூட்டுக்கு எழுதிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

தை மாதத்தில் முதல் உறைகள் கப்பலேறின. அன்று சாயங்காலம் மாணாக்கர் வந்து, காகிதத்தில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். உறைக்கு வெட்டியதில் மிஞ்சிய தோலில் செய்த மூக்குக்கண்ணாடிக் கூடு. நம் கண்ணாடியின் அளவு தெரியாமல், வக்கீல் நண்பருடையதைப் பார்த்து உத்தேசமாகச் செய்ததாம். இரண்டு விரல் இடுக்கிக்கொண்டு இழுத்தால்தான் கண்ணாடி வெளியே வருகிறது. "ஒரு வாரம் போனால் தோல் இளகிவிடும் சார்" என்கிறார்.